இருநூறு பேருக்கு இனிப்பு

கிறிஸ்து பிறப்பு விழா என்றதும் பலருக்கும் கேக்தான் நினைவிற்கு வரும். ஆனால் கேக் செய்ய ஓவன் வேண்டும். எங்களுள் பலர் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு மட்டுமே. இருநூறு பேருக்குக் கேக் என்றால் பேக்கரியில்தான் வாங்க வேண்டும். அதற்கு எங்கள் வகுப்பு உண்டியலில் பணம் இல்லை. ஆகவே வாணலியிலும் பானையிலும் செய்யக்கூடிய, செலவு குறைந்த, பலர் கூடினால் விரைவில் முடிகின்ற இரண்டு இனிப்புகளைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அவற்றுள் ஒன்றைச் சென்ற ஆண்டு நாங்கள் சரியாகச் செய்து, தவறான இடத்தில் கொடுத்தோம். அதனையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்கள் தூத்துக்குடிக்குப் பெயர் வாங்கித் தந்த இனிப்பு மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்தது. முந்திரி விற்கும் விலையில் அதனை நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. அடுத்து அச்சு முறுக்கு. எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் தோய்த்து, பொரித்து எடுக்க ஒன்றிற்கு ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். 140 குழந்தைகளுக்குத் தலைக்கு மூன்று என்றால் 420 நிமிடம். அதாவது ஏழு மணி நேரம். அச்சு ஒன்று, அடுப்பு ஒன்று, வேலை செய்பவர் ஒருவர், வேடிக்கை பார்ப்பவர் முப்பத்தொன்பது பேர்! கூட்டத்திற்குச் சமைக்கும்போது எத்தனை கைகளுக்கு ஒரே நேரத்தில் வேலை கொடுக்க முடியும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று மனையியல் ஆசிரியை சொன்னது அப்போதுதான் விளங்கிற்று.

அப்படிப் பார்த்தால் கலகலாவிற்கு இணையில்லை. கோவாவில் இதனைக் குல்குல் என்பார்கள். அங்கும் வீட்டிலுள்ளோர் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துதான் உருட்டுவார்கள்.

ஒரு கிலோ மைதாவிற்கு நான்கு முட்டை, கால் கிலோ பொடித்த சர்க்கரை, நூறு கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேங்காயின் கெட்டிப்பால். முதலில் வெண்ணெயை மைதாவில் விட்டு, பிட்டு மாவு போல் உதிரும்வரை விரல்களால் பிசிற வேண்டும். பிறகு சர்க்கரை, அடித்த முட்டை; கடைசியில் தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாகத் தெளித்துச் சப்பாத்தி மாவு பதத்திற்குப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். தேங்காய்ப்பால் முழுவதும் செலவாக வேண்டும் என்பதில்லை. சர்க்கரையை மட்டும் கை போன போக்கில் அள்ளிப் போடக் கூடாது. அளவிற்கு மிஞ்சிய சர்க்கரை சூட்டில் இளகி, கலகலா எண்ணெயில் பிரிந்துபோகும். எங்கள் முதல் ஈடு அப்படித்தான் வாணலியில் கரைந்தது. இருவர் தனித்தனியே சர்க்கரை அளந்து போட்டிருந்தனர்! மீதி மாவில் மேலும் மைதா சேர்த்துப் பிசைந்து தப்பித்தோம்.

நெல்லிக்காயில் பாதியளவு மாவை எடுத்து, எண்ணெய் தடவிய முள்கரண்டியின் பின்புறம் வைத்து அழுத்தி, அப்படியே சுருட்டினால் வரி வரியாக ஒரு சிப்பி கிடைக்கும். முள்கரண்டி இல்லாதோர் புதுச் சீப்பைக் கழுவித் துடைத்துப் பயன்படுத்தலாம். (புதுச் சீப்பு என்பதை அழுத்திச் சொல்கிறோம்.) ஐந்து கிலோ மைதாவில் எங்களுக்கு ஏறக்குறைய 1,500 கலகலா வந்தன. நாற்பது பேர் உருட்டினோம், ஆளுக்கு முப்பத்தெட்டு. பேசிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். பொரிக்கும் வேலையை மட்டும் பெரியவர்களிடம் விட்டோம். ஒரு துளி மாவைப் போட்டால் அது குமிழியுடன் மெல்ல மேலே வர வேண்டும். போட்டவுடன் சிவந்தால் எண்ணெய் மிகவும் காய்ந்துவிட்டது; வெளியே கருகி உள்ளே வேகாமல் போகும். பொரித்ததை நன்றாக ஆறிய பின்னரே தகர டப்பாவில் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவியில் நமத்துவிடும். ஆறவைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் பத்து நாளைக்கும் மேல் கெடாது. ஆகவே விழாவிற்கு ஒரு வாரம் முன்னரே செய்து வைக்கலாம். அரையாண்டுத் தேர்வின் நடுவில் ஒரு சனிக்கிழமையை இதற்குச் செலவிட்டதைப் பற்றிச் சில பெற்றோர் முணுமுணுத்தனர். அவர்களும் வந்து உருட்டினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதுவரை சொன்னது, நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது சென்ற கிறிஸ்துமஸிற்குச் செய்தது. குழந்தைகள் இல்லத்தில் 140 பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு நொடியில் தீர்ந்தது. அடுத்த கட்டடமான முதியோர் இல்லத்தில் அறுபது பேர். அங்கும் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தோம். ஒரு பாட்டி ஒன்றை வாயில் போட்டு, சிறிது நேரம் ஒதுக்கி வைத்திருந்து, பிறகு மெல்ல எடுத்து மற்றவற்றோடு சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.

"ஏன் பாட்டி, பிடிக்கலையா?" என்று கேட்டோம்.

"பிடிக்காம என்ன? பல்லு இருந்தால்லம்மா கடிக்க? பேரன் வந்தா குடுப்பேன்."

திரும்பிப் பார்த்தோம். அநேகமாக எல்லோர் கையிலும் பொட்டலம் பிரிக்கப்படாமலேயே இருந்தது. எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்து, நன்றி சொன்னார்கள். பேருந்தில் வரும்போது நாங்கள் யாரும் பாடவில்லை.

இவ்வாண்டு முதியோருக்கென்று தனியாகப் பாசிப்பருப்புப் பாயசம் செய்வதென முடிவு செய்தோம். அறுபது பேருக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு, இரண்டேகால் கிலோ வெல்லம், எட்டுத் தேங்காய், ஏலக்காய், சுக்கு. ஆளுக்கு ஒரு டம்ளர் தாராளமாக வரும்.

விழாவிற்கு முன் ஒருநாள் கால் கிலோ பருப்பில் சோதனை பார்த்தோம். நல்லவேளை, பார்த்தோம்! பருப்பு அரைவேக்காட்டில் இருக்கும்போதே, நேரம் மிச்சமாகும் என்று வெல்லத்தைக் கொட்டிவிட்டோம். அதன்பின் ஒரு மணி நேரம் எரித்தும் பருப்பு நறநறவென்றே இருந்தது. வெல்லத்திலுள்ள சர்க்கரையும் சுண்ணாம்புச் சத்தும் பருப்பின் செல் சுவர்களை இறுக்கிவிடுகின்றன. அதன்பிறகு அது குழைவதில்லை என்று ஆசிரியை விளக்கினார். விடுதியில் சமைக்கும் அக்காவோ, "பருப்பு மசியுமுன்னே வெல்லத்தக் காட்டினா அது வீம்பு பிடிச்சிரும்" என்றார். அறிவியல் ஒன்றுதான், எங்களுக்கு மனத்தில் நின்றது அக்கா சொன்னது.

ஆகவே முறை இது. பருப்பை வாசனை வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்துக் கழுவி, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை குழைய வேகவைக்க வேண்டும். வெல்லத்தைத் தனியே சிறிது நீரில் கரைத்து, மணல் போக வடிகட்டி ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். பிறகு தேங்காயின் இரண்டாம் பால். முதல் பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்து திரிந்ததுபோல் ஆகிவிடும். பசும்பாலை நாங்கள் பயன்படுத்தவில்லை. கொதிக்கும் வெல்லத்தோடு அது சேர்ந்தால் திரியும் அபாயம் உண்டு. பத்து லிட்டர் பாயசம் திரிந்தால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை. வழக்கமாகப் போடும் வறுத்த தேங்காய்ப் பல்லையும் விட்டுவிட்டோம். அது தொண்டையில் சிக்கும். ஒரு பிடி முந்திரியை மட்டும் அரைத்துக் கலந்தோம்.

இன்னொன்றும் இருந்தது. அங்கே செவிலியராகப் பணியாற்றும் சிஸ்டர், பதினொரு பேருக்கு நீரிழிவு என்று பட்டியல் தந்திருந்தார். வெல்லம் சர்க்கரையைப் போல் தீங்கு செய்யாது என்று எங்களுள் பலர் நினைத்திருந்தோம். அது தவறு; இரத்தத்தில் சர்க்கரை அளவை வெல்லமும் உயர்த்தும் என்றார் சிஸ்டர். எனவே வெல்லம் ஊற்றுமுன் வெந்த பருப்பைக் கொஞ்சம் தனிப் பாத்திரத்தில் எடுத்து, தேங்காய்ப்பால், சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து வைத்தோம். பாயசம் என்று சொல்ல முடியாது; வாசனையான பருப்புக் கஞ்சி.

"எனக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் கஞ்சியா?" என்று ஒரு தாத்தா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. சிஸ்டர் ஒன்றும் பேசாமல் அதே பாத்திரத்திலிருந்து தமக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துத் தாத்தாவும் டம்ளரை எடுத்தார். பிடித்துக் குடித்தாரா என்று எங்களால் சொல்ல முடியாது. குடித்தார்.

மற்றவர்களுள் பலர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். சென்ற ஆண்டு பார்த்த பாட்டி அதே கட்டிலில் இருந்தார். பாயசத்தை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. டம்ளரை வாங்கக் கை நீட்டியபோது அவர் கேட்டார்:

"இந்த வருசம் அந்தக் கலகலா கொண்டாரலியா? பேரன் வந்தா குடுக்கணும்லா."

எங்களுள் ஒருத்தி பக்கத்துக் கட்டடத்திற்கு ஓடினாள். குழந்தைகள் அப்போதுதான் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு, பத்துக் கலகலாவைத் தாளில் பொதிந்து கொண்டுவந்து பாட்டியின் கையில் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து முந்தியில் முடிந்துகொண்டார்.