துத்தநாகமும் தாமிரமும்

குமரா,

பொங்கலுக்கு வந்தபோது ஜன்னலோரம் நீ மறந்துவிட்டுப் போன மாத்திரை அட்டையைப் படித்தேன். ஒவ்வொன்றிலும் 50 மில்லிகிராம் துத்தநாகம். கொரோனா காலத்தில் நண்பர் சொல்லித் தொடங்கியதை இன்றுவரை தினமும் விழுங்குகிறாய் என்று உன் அம்மா சொல்லக் கேட்டு மனம் பதறியே எழுதுகிறேன்.

துத்தநாகம் தேகத்துக்கு அத்தியாவசியம் என்பதில் ஆட்சேபமில்லை. புளிக்காத ரொட்டியையே பிரதான ஆகாரமாகக் கொண்ட ஈரானியக் கிராமத்து வாலிபர்கள் வளர்ச்சி குன்றிப் பருவமெய்தாமல் இருந்ததைக் கண்டு, அதற்குத் துத்தநாகக் குறைவு காரணமாகலாம் என்று 1961-இல் எழுதியவர் நம் தேசத்தில் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் வைத்தியர். அவரே தம் சகாக்களுடன் 1978-இல், துத்தநாகத்தை அதிகமாகக் கொடுத்ததால் தாமிரக் குறைவு நேர்ந்ததையும் வெளியிட்டார். இந்தப் பிற்பாதியை உன் நண்பர் கேட்டிருக்கமாட்டார்.

துத்தநாகம் மிகுந்தால் குடலின் உட்சுவர் உயிரணுக்கள் ஒருவகைப் புரதத்தை ஏராளமாக உண்டாக்குகின்றன. அப்புரதம் தாமிரத்தையே இறுகப் பற்றிக்கொள்வதால், சில நாளில் அவ்வுயிரணுக்கள் உதிரும்போது தாமிரமும் இரத்தத்தைச் சேராமலே கழிந்துவிடுகிறது. நாளடைவில் இரும்பு மாத்திரைக்கும் மசியாத சோகையும், கால் மரத்து நடை தள்ளாடும் விபரீதமும் வரலாம்; இரத்தம் தேறினாலும் நரம்பு முழுதும் தேறுமென்ற உத்தரவாதமில்லை.

ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம் போதுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. அதை ஆகாரத்திலேயே தேடாமல், ராயபுரத்துத் தெருமுனைக் கேழ்வரகுக் கூழை நீ அலட்சியம் செய்வது எனக்கு வருத்தம். தானியத்தில் துத்தநாகத்தைப் பிடித்துவைக்கும் பைட்டிக் அமிலம், கூழை இரவில் புளிக்கவைக்கையில் குறைகிறது. காசிமேட்டு நண்டில் துத்தநாகம் உண்டு, அதன் இரத்தத்திலேயே தாமிரமும் உண்டு. எள்ளும் வேர்க்கடலையும் இரண்டையும் தரும். சிப்பியில் துத்தநாகம் மிக அதிகம்தான். ஆயினும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவிய எண்ணூர்க் கழிமுகத்துச் சிப்பியை வாங்காதே. நீரிலுள்ள உலோகங்களைச் சதையில் சேர்த்துவைப்பது அதன் சுபாவம். அந்தக் கழியையே நம்பிய மீனவக் குடும்பங்களுக்கு நேர்ந்தது பேரநியாயம்.

இன்னொன்று: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய்க்கு வெல்டிங் வைத்த இரவுகளில் உனக்கு வரும் குளிர்காய்ச்சல், சூட்டில் எழும் துத்தநாகப் புகையைச் சுவாசிப்பதால் வருவது. காற்றோட்டமும் தகுந்த முகமூடியும்தான் அதற்குப் பரிகாரம், அந்த மாத்திரையல்ல.

மாத்திரையை இன்றே நிறுத்தி, ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய், எத்தனை காலம் விழுங்கினாய் என்பதை ஒளிக்காமல் சொல்லி, இரத்தத்தைச் சோதித்துக்கொள். தாமிரம் குறைந்திருந்தாலும் அதற்கொரு மாத்திரையை நீயாகக் கடையில் வாங்கிவிடாதே. அளவை வைத்தியர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா