மூணு பின் இருந்தால் எர்த் இருக்கிறதா?

கம்ப்யூட்டரின் பவர் கார்டு பழுதானால் வீட்டில் கிடக்கும் இன்னொன்றை எடுத்துச் செருகுவோம். அதுவும் இல்லையென்றால் கடையில் “சிபியு கார்டு ஒண்ணு குடுங்க” என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வருவோம். கம்ப்யூட்டரின் உலோகக் கேபினெட்டைத் தொடும் பிள்ளைகளின் கை இந்த ஒரு வயரை நம்பித்தான் இருக்கிறது. அதனால் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

“மூணு பின் இருக்கு, அப்போ எர்த் இருக்கு.”

இருப்பவற்றிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். சில மலிவு கார்டுகளில் தடித்த எர்த் பின் இருக்கும், மறுமுனையில் நடுத்துளையும் இருக்கும். இரண்டையும் இணைக்க வேண்டிய பச்சை-மஞ்சள் வயர் மட்டும் உள்ளே இருக்காது. வார்த்து மூடிய பிளக்கை யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் நடக்கும் ஏமாற்று இது.

கேபினெட்டின் திருகில் விரல் பட்டதும் சுர்ரென்கிறதா? டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறதா? “கம்ப்யூட்டர்னா அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள், பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கசியும் மின்சாரம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டிலேயே நிற்கும். அந்தக் கசிவு மிகச் சிறியது என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. நாளை பேஸ் வயரே உடலைத் தொட்டுவிட்டால், அதே இடத்தில் கை வைப்பவருக்கு உயிராபத்து.

சோதிப்பது எளிது. கார்டை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வையுங்கள். ஒரு முனை பிளக்கின் நீளமான பின்னில், மறுமுனை மூன்று துளைகளில் நடுவில் இருப்பதில். சத்தம் வராவிட்டால் அந்தக் கார்டை இனிப் பயன்படுத்தாதீர்கள். சத்தம் வந்தும் கேபினெட்டில் டெஸ்டர் எரிந்தால் கோளாறு வீட்டு எர்த்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

“பொருந்திச்சுன்னா சரியான கார்டுதான்.”

எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்கு சி13 என்று பெயர். மானிட்டர், பிரிண்டர் பலவற்றுக்கும் அதேதான். முனை ஒன்றாக இருப்பதால் உள்ளே ஓடும் வயரும் ஒன்றாகிவிடாது. நல்ல கார்டின் மேலுறையில் 3×0.75 என்று அச்சிட்டிருக்கும்: மூன்று வயர், ஒவ்வொன்றும் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு. இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டுமென்றால் 1 சதுர மில்லிமீட்டராக வாங்குங்கள். மேலுறை தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிவிசி மலிவு, செம்புதான் விலை.

செம்பு பூசிய அலுமினியமும் விற்கிறது. காந்தம் வைத்தால் தெரிந்துவிடும் என்பார்கள். தெரியாது, அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது. வெட்டிய முனையில் ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

ரைஸ் குக்கரின் கார்டைக் கம்ப்யூட்டருக்குப் போடுவதைவிட, கம்ப்யூட்டரின் மெல்லிய கார்டைக் குக்கருக்குப் போடுவதுதான் மோசம். 700 வாட் குக்கர் மூன்று ஆம்பியர் இழுக்கும். சாதாரண சி13 முனை 70 டிகிரிக்கு ஏற்றது. சூடாகும் சாதனங்களுக்கென்றே 120 டிகிரி தாங்கும் சி15 இருக்கிறது.

“ஆம்பியர் அதிகமான கார்டு போட்டா சிஸ்டம் எரிஞ்சிடும்.”

எரியாது. எஸ்எம்பிஎஸ் தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். 450 வாட் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் ஓடினாலும் சுமார் இரண்டரை ஆம்பியர்தான்.

“எம்சிபி இருக்கே, பாத்துக்கும்.”

16 ஆம்பியர் எம்சிபி, 10 ஆம்பியர் போனால் நாள் முழுக்க அசையாது. மெல்லிய வயர் அதற்குள் உருகிவிடும். பிரிட்டன் பிளக்கில் உள்ளேயே ஃபியூஸ் உண்டு. நம் பிளக்கில் அது கிடையாது. அமெரிக்காவிலிருந்து வந்த தட்டைப் பின் கார்டும் அடாப்டரோடு இங்கே வேண்டாம்: அந்தப் பிளக் 125 வோல்ட்டுக்கானது, அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பும் இருக்காது.

“கம்பெனி கார்டுன்னா கவலையே இல்ல.”

2014 ஆகஸ்டில் எச்பி நிறுவனம், தான் லேப்டாப்போடு கொடுத்திருந்த எல்எஸ்-15 என்ற கார்டு அதிகம் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 60 லட்சம் கார்டுகளைத் திரும்பப் பெற்றது. பெயரை மட்டும் பார்ப்பதைவிட பிளக்கில் ஐஎஸ்ஐ முத்திரையையும் ஐஎஸ் 1293 என்ற எண்ணையும், வயரில் ஐஎஸ் 694 என்பதையும் தேடுங்கள். முத்திரைக்குக் கீழுள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் அது யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். முத்திரையைப் போலியாக அச்சிடுபவர்களும் இருப்பதால் கடையில் நிற்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

புதுக் கார்டைப் போட்டு அரை மணி நேரம் கழித்து, ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கார்டோடு சாக்கெட்டையும் சந்தேகியுங்கள். பின்னை இறுக்கிப் பிடிக்காத பழைய சாக்கெட், எவ்வளவு நல்ல கார்டையும் கருக்கிவிடும்.