சாரலில் ஒரு மஸ்காரா சோதனை

அன்பு மருமகளே,

குற்றாலம் சாரல் திருவிழாவில் ஆடப்போவதாகவும், மஸ்காராவுக்கு அடியில் போடும் பிரைமர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்கு. ஆனால் மேடைக்கு முன்னாலேயே சோதித்துவிடு. அதற்குத் தென்காசியைவிடத் தோதான ஊர் கிடையாது.

சுவருக்கு வண்ணம் அடிக்கும் முன் ஒரு வெள்ளைப் பூச்சு கொடுப்பார்களே, பிரைமர் செய்வதும் அதே வேலைதான். மெழுகும், காய்ந்து படலமாகும் பாலிமரும் சேர்ந்த கலவை அது. சிலவற்றில் பொடி நைலான் இழைகளும் இருக்கும். இமைமுடி கொஞ்சம் தடிக்கும், நீளம் கூடினாற்போலத் தெரியும், மேலே ஏறும் கறுப்புக்குப் பிடிமானம் கிடைக்கும். முடி புதிதாக வளரும் என்று கடையில் சொன்னால் காதில் வாங்காதே.

நம் ஊரில் வளைவை நிறுத்துவதுதான் பெரும்பாடு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று சாரலை அள்ளிவரும்போது, கர்லரால் வளைத்த இமைமுடி அரை மணியில் தொங்கிவிடும். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் அந்த வளைவைப் பிடித்துவைப்பவை. ஈரம் பட்டால் அவை விட்டுப்போகும். இதில் ஒரு வேடிக்கை: தண்ணீர் அதிகமுள்ள பிரைமர் தானே வளைவைக் கெடுத்துவிடலாம். அதனால் பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படி. அதிகமாக உள்ள பொருள்தான் முதலில் இருக்கும். 'அக்வா' என்று தொடங்கினால் தண்ணீர் வகை. 'ஐசோடோடெக்கேன்' என்று தொடங்கினால், சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானில் மெழுகு கரைந்த வகை, பெரும்பாலும் நீர்புகாதது. சாரலுக்கு இரண்டாவதை எடு.

நீர்புகா மஸ்காராவே மேடையிலிருந்து வந்ததுதான். 1930-களில் வியன்னாவில் ஹெலனே வின்டர்ஸ்டைன்-காம்பர்ஸ்கி என்ற பாடகி, மேடையில் மை வழிவது பொறுக்காமல் தானே ஒன்றைத் தயாரித்துக் காப்புரிமை வாங்கினார். உனக்கும் அவருக்கும் தொல்லை ஒன்றே.

இனிச் சோதனை. வலக்கண்ணுக்குப் பிரைமர், இடக்கண்ணுக்கு வெறும் மஸ்காரா. இரண்டுக்கும் முதலில் கர்லர்; பூச்சுக்கு மேல் கர்லர் வைத்தால் முடி ஒடியும். பிரஷை வழித்துவிட்டு, அடியிலிருந்து நுனிக்குப் பிரைமர் ஒரே ஒரு பூச்சு. பிசுபிசுப்பு இருக்கும்போதே மஸ்காராவை ஏற்று. முழுக்கக் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் எட்டிப்பார்க்கும், கறுப்பும் கட்டிதட்டும். அப்புறம் வண்டியில் குற்றாலம் வரை போய்விட்டு, திரும்பும்போது காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் கொஞ்சம் நில். அங்கே மோதும் காற்றுக்குக் கண்ணில் நீர் வராதவர் யார்? வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் பார்: எந்தக் கண்ணில் வளைவு நிற்கிறது, எதன் கீழே கறுப்பு இறங்கியிருக்கிறது. மறுநாள் கண்ணை மாற்றிப் போடு. பலருக்கும் ஒரு கண்ணைக் கூடுதலாகக் கசக்கும் பழக்கம் உண்டு. இரண்டு நாளும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் உனக்குப் பிரைமர் வேண்டாம். அந்தக் காசுக்குப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடலாம்.

ஆடி முடித்த கையோடு அருவிக்கு ஓடாதே. ஐந்தருவியோ பழைய குற்றாலமோ, மை முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் தலையைக் கொடுக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸும் கூடாது. அருவி நீரிலுள்ள அமீபா லென்ஸில் தங்கினால் கருவிழியையே கெடுக்கும். நீர்புகா மஸ்காரா தண்ணீரைத்தான் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நீ மேடை ஏறினால் நெற்றியில் வழிவது கண்ணுக்குத்தான் வரும். கலைக்கும்போது அதே எண்ணெய் உதவும்: பஞ்சில் நனைத்து, மூடிய இமைமேல் அரை நிமிடம் ஒற்றி வைத்திருந்து, கீழ்நோக்கி வழி. தேய்க்காதே.

மஸ்காராவைத் திறந்த தேதியை மூடியில் எழுதிவை. மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதே. குழுவில் உள்ள பெண்கள் கேட்டாலும் உன் பிரஷைக் கொடுக்காதே, அவர்களுடையதை வாங்கவும் வாங்காதே. ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் விழா முடிவதற்குள் எல்லோருக்கும் வந்துவிடும். கண் சிவந்தால் அன்றைக்கு மையே வேண்டாம்.

எந்த வகை வாங்கினாய், எந்தக் கண் தேறியது என்று எழுது.

அன்புடன்,
அத்தை