பணம் கட்டும் முன் நூலகரைக் கேளுங்கள்

நான்காம் வகுப்பில் 52-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால், என் பிள்ளைகள் பலர் 36 என்று எழுதினார்கள். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள். பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி, வேண்டும்போது ஒரு கட்டை அவிழ்த்துக் கழிக்கும் பயிற்சியைப் பதினோரு வாரம் கொடுத்தேன். நல்ல மாற்றம் தெரிந்தது. பிள்ளைகளின் நோட்டுகளை வைத்து அதை ஒரு செயலாய்வுக் கட்டுரையாக எழுதினேன்.

எங்கே வெளியிடுவது? 'பன்னாட்டு ஆய்விதழ், ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு, சான்றிதழ் உடனடியாக' என்று வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. கட்டுரையை அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. 2,500 ரூபாய் கட்டினேன். ஒரு படிவத்தைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டு அனுப்பினேன். வண்ணச் சான்றிதழ் கைக்கு வந்தது.

ஒன்றரை ஆண்டு கழித்து, பக்கத்து ஒன்றியத்து ஆசிரியை ஒருவர், "உங்க குச்சிக்கட்டு கட்டுரையைக் கொடுங்க டீச்சர், என் வகுப்பிலயும் செஞ்சு பார்க்கிறேன்" என்று கேட்டார். இணைப்பைத் தட்டினேன். பக்கம் இல்லை, அந்த இதழின் தளமே இல்லை. என்னிடமிருந்த படியை அவருக்கு அனுப்பிவிட்டு, வேறோர் இதழில் வெளியிடலாம் என்று எழுதிக் கேட்டேன். 'ஏற்கெனவே வெளியான கட்டுரையை எடுத்துக்கொள்வதில்லை' என்று பதில் வந்தது. வெளியானதும் உண்மை, யாராலும் படிக்க முடியாது என்பதும் உண்மை.

நூலகர் கேட்ட கேள்விகள்

பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் சக ஆசிரியை ஒருவருடன் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த துணை நூலகரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "பணம் கட்டுறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டீங்களா டீச்சர்?" என்பதுதான். நூலகரிடம் போய்க் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. நூல் எடுத்துக் கொடுப்பவர் என்ற அளவில்தான் அவரை நான் அறிந்திருந்தேன்.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே 'ஸ்காலர்லி கம்யூனிகேஷன் லைப்ரேரியன்' என்ற பதவி உண்டு. ஆய்வு வெளியீட்டு நூலகர் என்று நாம் சொல்லலாம். எந்த இதழ் நம்பத்தக்கது, பதிப்புரிமை யாரிடம் இருக்க வேண்டும், கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்க என்ன வழி, பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் அதை எப்படிச் சேமிப்பது ஆகியவற்றில் ஆய்வாளருக்கு வழிகாட்டுவது அவர் வேலை. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதே பணியை நூலகரும் துணை நூலகரும் மற்ற வேலைகளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இந்தப் பணியின் வேர் நம் மண்ணிலும் இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்த ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல் பூட்டிவைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பதைத் தம் நூலக விதிகளில் முதலாவதாக வைத்தார். ஆய்வுக்கும் அது பொருந்தும். படிக்க ஆள் எட்டாத கட்டுரை பூட்டிய அலமாரிக்குச் சமம்.

இரு பட்டியல்கள்

போலி இதழ்களை முதலில் உலகுக்கு அடையாளம் காட்டியவர்களில் ஒருவரும் நூலகர்தான். அமெரிக்காவின் கொலராடோ டென்வர் பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல், பணம் பறிக்கும் பதிப்பாளர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டுவந்தார். தனி ஒருவர் இப்படித் தீர்ப்பு எழுதலாமா என்ற எதிர்ப்பும் எழுந்தது. 2017 ஜனவரியில் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது.

இதற்கு மறுபக்கமாக, நல்ல இதழ்களைத் தொகுக்கும் வேலையும் ஒரு நூலகத்தில்தான் தொடங்கியது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2003-இல் தொடங்கிய, 'டி.ஓ.ஏ.ஜே.' எனப்படும் திறந்த அணுக்க இதழ்களின் அடைவு இன்றும் நடைபெறுகிறது. இலவசமாகப் படிக்கக்கூடிய, விதிமுறைகளுக்கு உட்பட்ட இதழ்களை அதில் தேடலாம்.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த 'கேர்' பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கிறது. நூலகரின் துணை முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

கட்டுரை அனுப்பும் முன்

துணை நூலகர் எனக்குச் சொன்னவற்றை நம் ஆசிரியர்களுக்கு ஏற்பத் தொகுத்துத் தருகிறேன்.

1. ஐ.எஸ்.எஸ்.என். என்பது எட்டு இலக்க அடையாள எண் மட்டுமே. வண்டிக்குப் பதிவு எண் இருப்பதால் ஓட்டுநர் நல்லவர் என்றாகுமா? அதுபோலத்தான் இதுவும்.

2. துறை வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டுத் திருத்தம் சொல்ல வாரங்கள், மாதங்கள் ஆகும். இரண்டே நாளில் ஏற்பு என்றால் யாரும் படிக்கவில்லை என்று கொள்ளலாம்.

3. கணிதம், சித்த மருத்துவம், வணிகம், தமிழ் என எல்லாத் துறைகளையும் ஒரே இதழ் வெளியிட்டால் எச்சரிக்கை தேவை. பழைய இதழ்களைத் திறந்து இரண்டு கட்டுரைகளையாவது படித்துப் பாருங்கள்.

4. கட்டணம் வாங்கும் இதழ்கள் எல்லாமே போலி அல்ல. கட்டணம் இல்லாத நல்ல இதழ்களும் உண்டு. தொகையையும் காரணத்தையும் முன்பே வெளிப்படையாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

5. படிவத்தைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். பதிப்புரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டால், உங்கள் கட்டுரையை நீங்களே பகிர அனுமதி கேட்க நேரிடலாம். 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டால், உங்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் பயன்படுத்தலாம். தீக்ஷா தளப் பாடப்பொருள்கள் பலவற்றில் இந்த உரிமக் குறிப்பைக் காணலாம்.

6. 'ஆர்கிட்' என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை இலவசமாகப் பெறலாம். ஒரே பெயரில் பலர் இருக்கும் நம் ஊரில் அது மிகவும் உதவும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, என் கட்டுரைப் படியைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "தப்பாக் கணக்குப் போட்ட பிள்ளைகளோட பேரை அப்படியே போட்டிருக்கீங்களே டீச்சர்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இணையத்தில் ஏறிய பெயர் எவ்வளவு காலம் நிற்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அந்தத் தளம் மறைந்ததில் ஒரு நன்மையும் இருந்தது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இப்போது மாணவர் 1, மாணவர் 2 என்றுதான் எழுதுகிறேன். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் ஒப்புதல் பெற்றுக்கொள்கிறேன்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும்

செயல்திட்டத்துக்காக மாணவர்கள் இணையத்தில் தேடிப் படத்தையும் பத்தியையும் எடுத்து ஒட்டுகிறார்கள். உயர்நிலை வகுப்புகளில் மூன்று கேள்விகளைப் பழக்கலாம்: இதை எழுதியவர் யார்? வெளியிட்டவர் யார்? நாம் எடுத்துப் பயன்படுத்த அனுமதி உண்டா? விடைகளைச் செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நூலகப் பாடவேளை ஒன்று போதும்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். தமிழில் எழுதப்பட்டவையும் அதில் உண்டு. செயலாய்வு தொடங்கும் முன் உங்கள் தலைப்பில் என்ன நடந்திருக்கிறது என்று அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பழைய கட்டுரையை மீட்க முடியவில்லை. இதழின் முகவரிக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த பிள்ளைகளுடன் பயிற்சியைப் புதிதாகச் செய்து, புதிய தரவுகளோடு மீண்டும் எழுதினேன். துணை நூலகர் காட்டிய இதழ் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு முறை திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயிற்சிக்கு முன்பு தவறு செய்த பிள்ளைகள் எத்தனை பேர், பின்பு எத்தனை பேர் என்று அட்டவணை கேட்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான், நோட்டுகளை எடுத்து வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, ரங்கநாதன் நினைவாகத் தேசிய நூலகர் தினம். இந்த ஆண்டு அன்றைக்கு, அருகிலுள்ள கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகர் ஒருவரை உங்கள் குறுவளமையக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். நான் 2,500 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடத்தை அவர் ஒரு குவளைத் தேநீருக்குச் சொல்லித்தருவார்.