தீர்ப்போடு வழக்கு முடிவதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டுமே எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. நீ அனுப்பிய மனு வரைவையும் படித்தேன். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு, நீடித்த வளர்ச்சி எல்லாம் மேற்கோள்களோடு பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆலைக்கு எவ்வளவு தூரத்தில் யாருடைய கிணறு கெட்டது என்பது மட்டும் இல்லை.

இந்தக் கோட்பாடுகளுக்காக இனி நீ மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு இவற்றை நாட்டின் சட்டமாகவே ஏற்றுவிட்டது. 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 20-ஆம் பிரிவில், இவற்றைப் பின்பற்றியே தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும் என்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் எழுந்து, "நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்" என்பார். சண்டையெல்லாம் விவரத்தில்தான்.

வேலூர் தீர்ப்பை அந்தக் கண்ணோடு திரும்பப் படி. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கும் இருக்கிறது. தன் தொழிலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு ஆலைக்காரருடையது என்று நீதிமன்றம் சொன்னபோது, இந்தக் கணக்குகள் அதன் மேசைமேல் இருந்தன.

தண்ணீர் மாதிரி எடுப்பதில் கவனமாக இரு. 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, ஆலைத் தரப்பின் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் பிசகினால் ஆய்வறிக்கை சாட்சியமாக நிற்காது. வாரியத்தின் அறிக்கையை நம்பி மனுப் போடுமுன் இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்.

காட்டு வழக்கில் பாடம் வேறு. கூடலூரில் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கோரி நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. நிலம் யாருடையதாக இருந்தாலும் அது காடு என்றால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது அந்த உத்தரவு. காடல்லாத வேலைக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். வலுவான ஆயுதம் இது. ஆனால் காட்டிலேயே வாழ்கிறவர்கள் மேலும் அது பாயலாம். அதனால் 2013-இன் நியமகிரி தீர்ப்பையும் சேர்த்துப் படி. ஒடிசாவில் பாக்சைட் சுரங்கம் தங்கள் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதை கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது நீதிமன்றம். 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. காட்டுக்காக மனுப் போடும்போது அங்குள்ளவர்களின் கிராம சபைத் தீர்மானமும் இணைப்பில் இருக்கட்டும்.

இனி முக்கியமானது, பரிகாரம். ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து நிலத்தடி நீரை ரசாயன ஆலைகள் கெடுத்ததற்கு 1996 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதன்படி கணக்கிட்ட ரூ. 37.385 கோடியைக் கட்டாமல் மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தார்கள். 2011-இல்தான் உச்ச நீதிமன்றம் 12 சதவீதக் கூட்டுவட்டியோடு கட்டச் சொல்லி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த வேலூர் தோல் ஆலைகள் கெடுத்த பாலாற்றின் கதையும் அப்படித்தான். இழப்பீட்டு ஆணையம் 2001-லேயே தொகையை நிர்ணயித்துவிட்டது. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே, "உரிய நடவடிக்கை எடுக்க உத்தரவிட வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதே. யார், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் மேற்பார்வையில், தவறினால் என்ன வட்டி என்று ஒவ்வொன்றாகக் கேள். நிறைவேற்றல் அறிக்கை தாக்கல் செய்யும் நாளையும் உத்தரவிலேயே வாங்கு. அந்த நாள் தாண்டினால் கட்சிக்காரர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் நிறைவேற்று மனுவைப் போடு. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். அதற்கான கட்டணத்தையும் உழைப்பையும் வழக்கெடுக்கும் அன்றே கணக்கில் வை.

அன்புடன்,
உன் சீனியர்