பூனையும் கருவுற்ற தாயும்

சென்னை இராயபுரத்திலுள்ள இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை, மக்கள் நாவில் 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்றே வழங்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதித் தாய்மார்கள் தலைமுறைகளாக மகப்பேற்றுக்கு அங்கு வருகின்றனர். மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் பூனைகளுக்குக் குறைவில்லை. வீட்டில் ஒருத்தி கருவுற்றதும், "முதலில் பூனையைத் துரத்து" என்னும் குரல் எழுவதுண்டு. இவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு?

அச்சத்திற்குரிய நுண்ணுயிரியின் பெயர் டாக்சோபிளாஸ்மா. 1908-இல் துனிசு நகரில் நிக்கோல், மான்சோ ஆகிய இருவரும் கொறிவிலங்கு ஒன்றின் உடலில் இதனைக் கண்டறிந்தனர். தாயிடமிருந்து கருவுக்கு இது பரவும் என்பது 1930களின் இறுதியில் நியூயார்க்கில் உறுதிப்பட்டது. பூனையின் குடலில்தான் இதன் வாழ்க்கைச் சுழற்சி முழுமை பெறுகிறது என்பது தெளிவாக மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

எனினும், பூனையைத் தொட்டாலே நோய் வரும் என்பது சரியன்று. முதன்முறை தொற்றுக்கு ஆளான பூனை, ஏறத்தாழ இரண்டு வாரங்களே மலத்தின் வழியாக நோய்க்கூடுகளை வெளியேற்றும். அவையும் வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாள்களுக்குப் பின்னரே தொற்றும் ஆற்றல் பெறும். நாள்தோறும் மலத்தை அகற்றுவது பயன் தருவது இதனால்தான். அவ்வேலையைக் கணவனோ வீட்டிலுள்ள பிறரோ செய்யலாம். மண்ணில் கலந்துவிட்ட கூடுகளோ ஈரமிருப்பின் பல மாதங்கள் அழியா. வீடு கட்டக் கொட்டிய மணற்குவியல் பூனைக்குக் கழிப்பிடம் என்பதைத் தெருவில் நடப்பவர் அறிவர். தொட்டிச்செடி மண்ணைக் கிளறிய கை, கழுவாத கீரை, பச்சை இறைச்சி நறுக்கிய அரிவாள்மணை, உள்ளே சிவந்திருக்கும் அரைவேக்காட்டுக் கறி ஆகியவையே பூனையினும் அஞ்சத்தக்கவை. கொதித்து நன்கு வெந்த கறிக்குழம்பில் இந்நுண்ணுயிரி பிழைப்பதில்லை.

முன்னரே தொற்றுற்ற பெண்ணின் உடலில் எதிர்ப்பாற்றல் இருப்பதால், பொதுவாகக் கருவுக்கு இடரில்லை. கருவுற்ற காலத்தில் முதன்முறையாகத் தொற்றுவதே இடர். தொடக்க மாதங்களில் அது கருவை அடையும் வாய்ப்புக் குறைவு. அடைந்தால் கருச்சிதைவு, மூளையில் நீர் கோத்தல், பார்வையிழப்பு எனக் கேடு கடுமையாகும். இறுதி மாதங்களில் வாய்ப்பு மிகும், கடுமை குறையும். தாய்க்கோ பெரும்பாலும் அறிகுறியே தோன்றாது. அறியாமல் வந்த தொற்றால் கருவிழந்தவளை 'ராசியில்லாதவள்' என்று பழிப்பது கொடுமையன்றோ?

பிரான்சு நாடு 1978 முதல் கருவுற்ற பெண்களுக்கு இதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துவருகிறது. நம் நாட்டில் அனைவருக்கும் இது வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. மருத்துவர் ஐயுறும்போதே செய்யப்படுகிறது. ஆகவே, வீட்டில் பூனை வளர்வதையும் இறைச்சிக் கடையில் வேலை செய்வதையும் முதற் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் கூறிவிடுதல் வேண்டும்.