டீத்தூளை ருசி பார்த்து வாங்குவது எப்படி?

"அண்ணாச்சி, கலர் நல்லா இறங்குமா?"

டீக்கடைக்காரர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நாமும் மொத்த வியாபாரியிடம் இதையே கேட்டு வாங்குகிறோம். இந்த ஒரு கேள்வியால் நம் தொழிலுக்கு வரும் தீங்கு கொஞ்சமல்ல. கலரை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இருக்கும்வரை, மட்டத் தூளில் சாயம் ஏற்றி விற்பவரும் இருப்பார். ஆகவே கலரைத் தவிர வேறு எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஐரோப்பாவில் திராட்சை மதுவைச் சோதிப்பவர் அதன் நிறத்தை வெளிச்சத்தில் பார்ப்பார், முகர்வார், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டுத் துப்பிவிடுவார். நம் நீலகிரியில் தேயிலைக்கு அதே கலை உண்டு. குன்னூரில் 1963-ல் தேயிலை ஏல மையம் தொடங்கியது. ஏலத்துக்கு வரும் சரக்கின் சாம்பிளைத் தரகு நிறுவனத்தின் டேஸ்டர்கள் ருசித்து மதிப்பிடுகிறார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளை ருசிக்க வேண்டியிருப்பதால் அவர்களும் விழுங்குவதில்லை. இந்த முறையை நம் கடையிலேயே செய்து பார்க்கலாம்.

செய்முறை

டேஸ்டிங் அறைகளில் நெடுநாளாக வழங்கும் அளவு, 2.8 கிராம் தூளுக்குச் சுமார் 140 மில்லி நீர். பழைய ஆங்கில ஆறு பென்ஸ் நாணயத்தின் எடை அது. அந்த நாணயத்தையே தராசின் மறுதட்டில் வைத்து நிறுத்தார்கள். சர்வதேசத் தர நிறுவனம் 1980-ல் வெளியிட்ட முறையும் 100 மில்லிக்கு 2 கிராம் என்றே சொல்கிறது. அதில் ஊறும் நேரம் 6 நிமிடம். இலைத் தேயிலைக்கு 5 நிமிடம் வைப்பதும் வழக்கம். டஸ்ட் ரகம் சீக்கிரம் இறங்குவதால் அதற்கு நேரம் குறைவு.

வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்கள் வழக்கமாக விற்கும் தூள், மற்றவற்றில் புதுச் சாம்பிள்கள். நீர், அளவு, நேரம் மூன்றும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதே கொதித்த நீரை ஊற்றி மூடிவைத்து, நேரம் ஆனதும் வடிகட்டுங்கள். சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

நீரைப் பற்றி ஒரு சொல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் வெப்பமும் வேறு, நீரின் உப்பும் வேறு. உப்பு நீரில் தேநீர் மங்கும். எனவே மலையில் ருசித்துத் திருப்தி அடைந்துவிடாமல், உங்கள் வாடிக்கையாளர் குடிக்கும் ஊர்த் தண்ணீரில் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலில் ஊறிய சக்கையைப் பாருங்கள். செப்புக் காசு போல் பளிச்சென்று இருந்தால் நல்லது. கருத்தோ பச்சையாகவோ இருந்தால் பக்குவம் தவறியது. பிறகு வடித்த தேநீரைப் பாருங்கள். அடர்த்தியும் பளபளப்பும் வேறு வேறு. தெளிவான செம்மையும் விளிம்பில் பொன்னிறமும் பளபளப்பின் அடையாளம்.

அடுத்து ஒரு கரண்டி எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் மூக்கின் உட்புறம் ஏறும். நாக்கையும் ஈறையும் சுறுக்கென்று பிடித்து உடனே விட்டால் அது 'பிரிஸ்க்'. வாயில் கனமாக நின்றால் 'பாடி'. உப்புச்சப்பின்றி இருந்தால் 'பிளாட்'. பழசாகியோ ஈரம் ஏறியோ இருக்கலாம். கருகல் வாடை அடித்தால் டிரையரில் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். கடைசியாகப் பால் சேருங்கள். நல்ல தூள் பொன்சிவப்பாக எழும். மட்டம் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும்.

பளபளப்பையும் சுறுக்கையும் தருவது தியாஃபிளேவின். அடர்நிறத்தைத் தருவது தியாருபிஜின். இலை நொறுங்கிக் காற்றுப்பட்டுப் புளிக்கும்போது இரண்டும் உண்டாகின்றன. புளிப்பு மிஞ்சினால் முன்னது குறைந்து பின்னது ஓங்கும். கலர் இருந்தும் ருசி இல்லாமல் போவதன் ரகசியம் இதுதான்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் இலை மெதுவாக வளர்வதால், அப்போது தயாராகும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் மணம் தூக்கலாக இருக்கும். அது ஆறினாலும் தெளிவாக நிற்பதால் ஐஸ் டீக்கு உகந்தது. ஆனால் நம் டீக்கடைகளுக்கு வேண்டியது பாலைத் தாங்கும் சிடிசி டஸ்ட். யாருக்கு எது என்று அறிந்து விற்பதும் வியாபாரமே.

கலப்படச் சோதனை

ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் சிட்டிகை தூளைத் தூவுங்கள். உடனே நிறம் கோடாக இறங்கினால் சந்தேகப்படுங்கள். நனைத்த வெள்ளை வடிதாளில் தூளைப் பரப்பி, சற்றுக் கழித்துத் தட்டிவிட்டால், சாயம் ஏற்றிய தூள் திட்டுத்திட்டாகக் கறை விடும். தேயிலையில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் இடமே இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் நாமும் பதில் சொல்ல வேண்டியவர்களே. பில் இல்லாமல் ஒரு மூட்டைகூட எடுக்காதீர்கள்.

கடையில் வைக்கும் முறை

நல்ல தூளை வாங்கி நாமே கெடுப்பதும் உண்டு. டிரையரிலிருந்து வரும்போது தூளில் ஈரம் சுமார் 3 சதவீதமே இருக்கும். திறந்துவைத்தால் ஈரத்தோடு பக்கத்து வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சோப்பு, கற்பூரம், பெருங்காயம் உள்ள அலமாரியில் டீத்தூளுக்கு இடம் கூடாது.

நீலகிரியில் ஓரிரு ஏக்கர் வைத்துக்கொண்டு பச்சை இலையை ஃபாக்டரிக்குப் போடும் சிறு விவசாயிகள் ஏராளம். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக அவர்கள் பார்த்துக் கிள்ளுவதற்கு உரிய விலை, நாம் ருசிக்கு விலை கொடுத்தால்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். சாயத்துக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் கூலியிலிருந்து போகிறது. அடுத்த முறை சாம்பிள் வந்ததும் அடுப்பில் தண்ணீர் வையுங்கள். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.